எத்தனை பேர்?

மலாயாவின் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் இறங்கிய முதல் நாள், ஆசிரியனாகச் சேரவிருந்த தமிழ்ப் பள்ளிக்கு வழி தெரியாமல் இருப்புப்பாதைக் கடவையருகே நின்றேன். அங்கே ரயில்வே கேட்டைக் காத்து நின்றவருக்கு நாற்பது வயதிருக்கும். நட்டு வைத்த கழிபோல் நிமிர்ந்த முதுகு.

"தலைமையாசிரியர் இந்நேரம் பள்ளிக்கூடத்துல இருப்பாங்களா?" என்று கேட்டேன்.

பச்சைக் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் செருகிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எத்தனை பேரு?"

"எத்தனை பேரா? தலைமையாசிரியர் ஒருத்தர்தானே!"

"ஒருத்தன்னா இருப்பானான்னு கேளு. இருப்பாங்களான்னு கேட்டா நான் எத்தனை பேரைத் தேடிப் பாத்துச் சொல்றது? நேரா போ. இருப்பான்."

இலக்கணம் கற்றுக் கப்பலேறி வந்த செருக்கு அப்போது எனக்குக் குறையாமல் இருந்தது. உயர்வு கருதி ஒருவரைப் பலர்போலச் சொல்வது தமிழின் தொன்மையான வழக்கு என்று அங்கேயே விளக்கத் தொடங்கினேன். நடுவே சரக்கு வண்டியொன்று கடகடத்து வந்து என் விளக்கத்தை விழுங்கிற்று. வண்டி போனபின் அவர் கேட்டைத் திறந்துவிட்டு, நான் ஏதும் பேசாதவன்போல் மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

அவருக்கு அப்பகுதியில் 'எத்தனை பேரு' என்றே பெயர். இயற்பெயரை நான் அறிவேன், எழுதப்போவதில்லை. அவரை இங்கே 'அவர்' என்று எழுதுவதுகூட அவருக்கு உடன்பாடாயிராது. ஆயினும் பழக்கம் என் கையை விடவில்லை.

கடவையை ஒட்டியிருந்த கோப்பிக்கடையில் அவர் ஒரு வேடிக்கைப் பொருள். வேலை முடிந்து அவர் வந்து உட்கார்ந்ததும் எவரேனும் ஒருவர் தொடங்குவார்.

"ஏண்ணே, நேத்து நம்ம மண்டோர் வந்தாங்களே, பாத்தீங்களா?"

"எத்தனை பேரு?"

"மண்டோருண்ணே. அவுங்க உடம்புக்கு மூணு பேருன்னு வச்சுக்குங்களேன்."

கடை குலுங்கச் சிரிக்கும். மண்டோர் என்பவர் கூலியாட்களுக்குத் தலைவர். அவருடைய பருமன் ஊரறிந்தது. எல்லாரும் சிரிக்கும்போது இவர் மட்டும் சிரியார். கிண்ணத்தட்டில் கோப்பியை ஊற்றி ஆற்றிக்கொண்டே, "ஒருத்தன்தான் வந்தான்" என்பார், சான்று சொல்பவரைப்போல.

கோயிலுக்குப் போகும் ஒரு முதியவர் அவரைத் திருத்த முயன்றார். "பெரியவங்களை அவன் இவன்னு சொன்னா நாக்கு அழுகிடும்டா" என்றார்.

"முருகனை எப்புடிக் கூப்புடுற?"

"முருகா, நீதான் காப்பாத்தணும்னு."

"அவனே நீன்னா கோவிச்சுக்கல. மண்டோருக்கு என்ன வந்துச்சு?"

முதியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்.

வேடிக்கை எப்போதும் வேடிக்கையாகவே முடியவில்லை. ஒருநாள் இருப்புப்பாதை அலுவலகத்தின் பெரிய கிராணி ரிக்‌ஷாவில் வந்தார். கிராணி என்றால் எழுத்தர். பெரிய கிராணி என்றால் வெள்ளையருக்கு அடுத்த படி. யாழ்ப்பாணத்தவர், வெள்ளுடையும் தலைப்பாகையும் கலையாதவர். அடைத்த கேட்டின் முன் ரிக்‌ஷா நின்றது. உடன் ஓடிவந்த பியூன் குரல் கொடுத்தான்.

"பெரிய கிராணி வந்திருக்காங்கப்பா, தொறந்து விடு!"

"எத்தனை பேரு?"

"யோவ், கண்ணு தெரியலியா? ஒருத்தருதான்யா!"

"ஒருத்தன்னா ஒரு உசுரு. ரயிலுக்கு ஒரு உசுரும் ஒண்ணுதான், ஒம்பது உசுரும் ஒண்ணுதான். நிக்கச் சொல்லு அவனை."

பெரிய கிராணி ரிக்‌ஷாவிலிருந்தே குனிந்து பார்த்தார். "என்ன காணும், ஆரைப் பாத்து அவன் எண்டு சொல்லுறீர்? நான் ஆரெண்டு உமக்குத் தெரியாதோ?"

"தெரியும். பெரிய கிராணி நீ."

முறையீடு போயிற்று. அலுவலகத்தில் அவரை நிறுத்தி மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். "மன்னிச்சுக்க" என்றார். "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லச் சொன்னார்கள். "இவன் ஒருத்தன்கிட்டத்தான கேக்கணும்?" என்றாராம். அதன்பின் அவருக்குப் பதவி உயர்வு என்ற பேச்சே எழவில்லை. அவரோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராய் மேலேற, அவர் அந்தக் கேட்டிலேயே நின்றார்.

நான் அவரது அண்டை அறையில் குடியிருந்தமையால், பிறர் காணாத இரண்டைக் கண்டேன். குளிர்க்காய்ச்சல் அந்நாளில் எங்களை மாறிமாறிப் பற்றும். பற்கள் தாமே அடித்துக்கொள்ளும். எங்களிடமிருந்த சாக்கையும் போர்வையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்வோம். அவர் மட்டும் வெறும் பாயில் முழங்காலைக் கட்டிக்கொண்டு நடுங்குவார். போர்த்தப் போனால் தள்ளிவிடுவார். மற்றொன்று, திங்களுக்கொரு முறை கிள்ளானுக்கு வண்டியேறிப் போவார். திரும்பி வரும் நாளில் மட்டும் எவரிடமும் 'எத்தனை பேரு' என்று கேட்கமாட்டார்.

ஒரு நாள் பிற்பகல் பெருமழை பிடித்தது. கடவையின் காவற்குடிலில் அவரோடு ஒதுங்கினேன். பாதையைப் பார்த்தபடியே அவர் கேட்டார்.

"வாத்தியாரே, ஒரு ஆளைப் பல ஆளாச் சொல்ற பழக்கத்தை எவன்யா கொண்டாந்தான்?"

"ஒருவர் கொண்டுவந்ததில்லை அது. மரியாதை கருதித் தானாகவே வளர்ந்தது."

"அந்த மரியாதைதான் ஒருத்தனைக் கொன்னுச்சு. ஒனக்குத் தெரியுமா?"

அன்று அவர் சொன்னதை என் நடையில் தருகிறேன்.

ஜெர்மன் சண்டையின்போது அவர் சென்னை மாகாணத்துப் படையொன்றில் சிப்பாய். பஸ்ராவுக்கு மேலே ஆற்றங்கரையில் பாசறை. அந்நாட்டுக் குளிர்காலம் எலும்புக்குள் புகுவது. சிப்பாய்க்கு இரண்டு கம்பளி கொடுத்தார்கள். தண்ணீர் சுமப்பவர், கழிவு அள்ளுபவர் முதலியோருக்கு ஒன்று. அவர்கள் படையினர் அல்லர், படைக்குப் பின்னே வருபவர்கள் என்பது விதி. "குண்டுக்கு மட்டும் அந்த விதி தெரியாது" என்றார் அவர்.

தோற்பையில் தண்ணீர் சுமந்த ஒருவன் அவருக்குத் தோழனானான். கிள்ளானை அடுத்த ரப்பர்த் தோட்டத்திலிருந்து தாயின் சாவுக்காக ஊருக்குப் போனவன். போரினால் கப்பல் கிடைக்காமல் திரும்ப வழியின்றி நின்றபோது படைக்கு ஆள்பிடிப்பவன் கையில் அகப்பட்டான். அவன் சுமந்த தண்ணீரைக் குடிப்பவர்கள் அவன் பக்கத்தில் உட்காரமாட்டார்கள். இவர் உட்கார்ந்தார். கிள்ளான் ஆற்றின் நண்டைப் பற்றியும், தோட்டத்தில் விட்டுவந்த மனைவியைப் பற்றியும் அவன் ஓயாமல் பேசுவானாம். ஒரு மாலை அவன் உதடு நீலம் பாரித்திருக்கக் கண்டு, தம் கம்பளியில் ஒன்றை அவன்மேல் போட்டுவிட்டு வந்தார்.

பண்டகசாலைக் கம்பளிகளை, வெள்ளையருக்குக் கீழ்ப்பட்ட நம்மவர் அதிகாரியான சுபேதார் பஸ்ராக் கடைத்தெருவில் விற்றுவந்தார். பாசறையில் இதை அறியாதவர் இல்லை, வெள்ளைக்கார அதிகாரி ஒருவரைத் தவிர. குறைவு வெளிப்பட்டதும் சோதனை நடந்தது. சிப்பாய்களின் கூடாரங்களை எவரும் தொடவில்லை. பின்னே வருபவர்களின் குடில்களை மட்டும் புரட்டினார்கள். தண்ணீர் சுமந்தவனிடம் இரண்டு கம்பளி இருந்தன. கட்டி இழுத்துப் போனார்கள்.

இவரை எவரும் அழைக்கவில்லை. தாமே விசாரணைக் கூடாரத்துக்குப் போய், தாம் சான்று சொல்ல வேண்டும் என்றார். மற்றச் சிப்பாய்கள் தடுத்தார்கள். "தண்ணிக்காரப் பயலுக்காக சுபேதாரோட மோதுறியே, பைத்தியமா?" என்றார்கள். உள்ளே அதிகாரி அமர்ந்திருந்தார், பக்கத்தில் சுபேதார், இடையில் பேச்சை ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்ல ஒரு துபாசி.

அந்தக் கம்பளி தம்முடையது, தாமே கொடுத்தது என்றார். துபாசி சொல்லக் கேட்டு அதிகாரி சிரித்தார். சிப்பாய் ஒருவன் தண்ணீர்க்காரனுக்குத் தன் கம்பளியைக் கொடுப்பானா, இந்தக் குளிரிலா என்று கேட்டார். அது போகட்டும், காணாமற்போன மற்றக் கம்பளிகளை விற்றது யார் என்றார்.

"எங்கப்பன் அந்தச் சுபேதார் வீட்டு நெலத்துல ஏர் ஓட்டுனவன், வாத்தியாரே. அவன் வீட்டு வாசல்ல எங்கப்பன் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு நிக்கிறதைப் பாத்து வளந்தவன் நான். அவனைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நிமிந்து பாத்துப் பேரைச் சொல்ல நாக்கு வருமா? கையைக் கட்டிக்கிட்டுக் குனிஞ்சு, 'அவுங்கதான் வித்தாங்க'ன்னேன்."

குனிந்த தலை கூடாரத்தின் வாயிலை நோக்கியிருந்தது. வாயிலுக்கு வெளியே தண்ணீர் சுமப்பவர்கள் கூட்டமாகக் குந்தியிருந்தார்கள். துபாசி இவர் முகம் போன திசையைப் பார்த்தான். அவர்கள்தாம் விற்றார்கள் என்று பெயர்த்தான். அதிகாரி தலையசைத்து, வெளியே இருந்தவர்களைச் சுட்டி ஏதோ எழுதச் சொன்னார்.

"துபாசி மேல குத்தமில்ல. நான் சொன்னதைத்தான் அவன் சொன்னான். துரை கை அந்தப் பக்கம் போனதும்தான் எனக்கு வெளங்குச்சு. அப்புறந்தான் கத்துனேன். 'அவுங்க இல்ல! இவன்! இந்தா நிக்கிறானே சுபேதார், இவன் வித்தான்! இவன் ஒருத்தன் வித்தான்!'"

என்ன சொல்கிறான் என்று அதிகாரி கேட்டபோது, மேலதிகாரியை வேலைக்காரனை அழைக்கும் சொல்லால் அழைக்கிறான் என்று துபாசி விடை சொன்னானாம். அதுவும் பொய்யன்று. சான்று அவ்வளவில் முடிந்தது. பணிவின்மைக்காக இவரை வண்டிச் சக்கரத்தோடு கட்டிக் குளிரில் நிறுத்தினார்கள். தோழனைப் பஸ்ராச் சிறைக்கு அனுப்பினார்கள். அந்தக் குளிர்காலம் கழியுமுன் அவன் நெஞ்சில் சளி கட்டி இறந்தான்.

மழை ஓயவில்லை. அவர் கொடியின் துணியை விரித்து மீண்டும் சுருட்டினார்.

"மரியாதையாச் சொன்னேன், அவன் காதுல விழல. மரியாதையில்லாமச் சொன்னேன், அந்த மரியாதையில்லாதது மட்டுந்தான் விழுந்துச்சு. எப்புடித்தான்யா சொல்லியிருக்கணும்? நீ படிச்சவன், சொல்லு."

ஒருமை பன்மை மயக்கம் என்று இலக்கணத்தில் இதற்கொரு பெயர் உண்டு. பெயரைச் சொல்லி என்ன செய்வது?

படையிலிருந்து விலக்கப்பட்டதும் அவர் ஊருக்குப் போகவில்லை. கப்பலேறி மலாயா வந்து, கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் கேட்டுக் கேட்டுத் தோழனின் மனைவியைக் கண்டுபிடித்தார். அவருக்கு முன்னரே செய்தி வந்து சேர்ந்திருந்தது. தோட்டத்தில் விடியற்காலை ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிப்பதைப் பெரட்டு என்பார்கள். அந்தப் பெரட்டில், அத்தனை பேர் முன்னிலையில், கம்பளி திருடிச் சிறையில் இறந்தான் என்று அந்தப் பெண்ணின் கணவனைப் பற்றித் தோட்டத்துக் கிராணி உரக்கச் சொல்லியிருந்தார். அன்று முதல் அந்தப் பெண்ணுக்குக் 'கம்பளி' என்று பெயர். தண்ணீர்க் குழாயடியில், "ஏ கம்பளி, வாளியைத் தள்ளி வை" என்பார்கள்.

அந்தப் பெயரை அகற்றுவது ஒன்றே அவர் இந்நாட்டில் இருந்ததற்குக் காரணம். பெரட்டில் சொன்னதைப் பெரட்டிலேயே மறுத்துச் சொல்ல வேண்டும் என்று தோட்டத்துத் துரையைக் காணப் பலமுறை போனார். கேட்டுக் காவலனைத் துரை ஏன் காண்பார்? என்னையும் உடன் வருமாறு அழைத்தார். "நீ படிச்சவன். வெள்ளைக்காரன் பேச்சு வெளங்கும். கிராணி ஒழுங்கா மாத்திச் சொல்றானான்னு பாத்துக்கிட்டு நில்லு, போதும்."

பள்ளி விடுமுறையில் போனோம். சட்டை போட்டு வந்த என்னைக் கண்டு துரை தம் பங்களாவின் படிக்கட்டில் எங்களை நிற்க விட்டார். கிராணி ஒரு புறம் நின்றார். இவர் கையைக் கட்டவில்லை. தலை குனியவில்லை. துரையின் முகத்தை நேரே பார்த்து, "ஒரு சுபேதார் வித்தான். ஒருத்தன்தான் வித்தான். அந்தப் பொண்ணோட புருசன் திருடல. அவன்கிட்ட இருந்தது என் கம்பளி, நான் குடுத்தது" என்றார். எத்தனை ஆண்டுகள் மனத்துக்குள் சொல்லிச் சொல்லித் தேய்த்த சொற்களோ, ஒன்றுகூடத் தடுமாறவில்லை.

நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். கிராணி பிழையின்றிப் பெயர்த்தார். ஒருமை ஒருமையாகவே போய்ச் சேர்ந்தது. சுபேதார் ஒருவரே, கம்பளி இவருடையதே, அந்த மனிதர் குற்றமற்றவர்.

துரை சுருட்டின் சாம்பலைத் தட்டினார். கிராணியைப் பார்த்து, அந்தப் பெண் ஒழுங்காகப் பால்மரம் வெட்டுகிறாளா என்று ஆங்கிலத்தில் கேட்டார். வெட்டுகிறாள், குறையொன்றுமில்லை என்றார் கிராணி. பின் இதில் தோட்டத்துக்கு என்ன, பழைய போர், முடிந்துபோயிற்று என்று சொல்லிவிட்டுத் துரை உள்ளே போனார்.

"என்ன சொன்னான்?" என்று அவர் என்னைக் கேட்டார்.

சொன்னேன்.

"கிராணி ஒழுங்காத்தான மாத்துனான்?"

"ஒழுங்காகத்தான்."

அவர் முகத்தில் நான் அதுவரை காணாத திகைப்பு ஒன்றைக் கண்டேன். சொல் பிழையாகப் போனதால்தான் எல்லாம் நடந்தது, சொல் சரியாகப் போனால் எல்லாம் சரியாகும் என்று அத்தனை காலம் நம்பியிருந்தார். படிக்கட்டிலேயே சற்று நேரம் நின்றார். தோட்டக்காரன் வந்து போகச் சொன்னான்.

லயத்தில் அந்தப் பெண் எங்களுக்குக் கருப்பட்டி போட்ட கோப்பி கொடுத்தார். லயமென்பது தொழிலாளர் குடியிருக்கும் நீண்ட வரிசை. ஒரு வீட்டில் பேசுவது அடுத்த வீட்டில் கேட்கும். அந்தப் பெண் குரலைத் தாழ்த்தவில்லை.

"துரை என்னண்ணே சொன்னாங்க?"

இந்த 'சொன்னாங்க'வுக்கு அவர் 'எத்தனை பேரு' என்று கேட்கவில்லை. அந்த வீட்டில் மட்டும் அவர் கேட்பதில்லை என்று அப்போதுதான் அறிந்தேன். கணவன் பெயரைச் சொல்லாத பெண் அவர். கணவனைக் குறிக்க அவரிடமிருந்த ஒரே சொல் 'அவுங்க'. அதைப் பிடுங்க இவருக்கு மனம் வரவில்லை போலும்.

"ஒண்ணும் சொல்லல, தங்கச்சி. பாக்கலாம்."

நான் என் கடமையென்று எண்ணி, அன்று கூடாரத்தில் நிகழ்ந்த மயக்கத்தை அந்தப் பெண்ணுக்கு விளக்கினேன். ஒருமை, பன்மை, உயர்வுக்காகப் பன்மை. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில் என்னை விட்டுவிட்டு இவரைப் பார்த்துக் கேட்டார்.

"அவுங்க திருடலன்னு எனக்குத் தெரியாதாண்ணே? பச்ச மொளகா கேட்டு வாங்கக் கூச்சப்படுறவுங்க. அது இல்ல. அந்தக் கம்பளிய அப்புறமாச்சும் திருப்பிக் குடுத்தாங்களா? செயில்ல இருந்தப்ப?"

கம்பளி திருட்டுக்குச் சான்று. சான்றைத் திருப்பிக் கொடுக்கமாட்டார்கள். இவர் குவளையைக் கீழே வைத்தார். வாசலில் மேய்ந்த கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப குளிர்லதான் போனாங்க" என்றார் அந்தப் பெண். கோப்பிக் குவளைகளை எடுத்துக்கொண்டு பின்புறம் போனார். குழாயடியிலிருந்து எவளோ, "கம்பளி வீட்டுக்கு விருந்தாளியாடி?" என்று கேட்பது எங்களுக்கு நன்றாகவே கேட்டது.

அதன்பின் துரையைக் காணவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. கிள்ளானுக்குப் போவதை மட்டும் விடவில்லை. கோப்பிக்கடையில் இளைஞர்கள் வழக்கம்போல் தூண்டிப் பார்த்தார்கள். "எத்தனை பேரு" என்பார், ஆனால் விடைக்குக் காத்திரார்.

முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம் குளிர்க்காய்ச்சல் அவரைக் கடைசி முறையாகப் பற்றியது. மருத்துவமனைக்கு வர மறுத்தார். போர்த்தப் போன கையை அப்போதும் தள்ளினார், வலுவில்லாமல். நினைவு தப்பியபின் போர்த்தினோம். கண் திறந்தபோது உதறினார். மூன்றாம் நாள் உதறக் கை எழவில்லை. நான் அருகில் இருந்தேன். இருந்ததன்றி வேறொன்றும் என்னால் செய்ய இயலவில்லை.

உயிர் பிரிந்ததும் கிள்ளானுக்கு ஆளனுப்பினேன். அந்தப் பெண் முற்பகல் வண்டியில் வந்து சேர்ந்தார். இறந்தவர்மேல் உற்றார் கோடித்துணி போர்த்துவது எங்கள் வழக்கம். அவருக்கு உற்றார் இல்லை. கேட்டில் வேலை செய்தவர்கள் சேர்ந்து ஒரு வெள்ளைத் துணி வாங்கி வந்திருந்தார்கள். அந்தப் பெண் கொண்டுவந்த மூட்டையை அவிழ்த்தார். உள்ளே ஒரு புதிய கம்பளி இருந்தது, சாம்பல் நிறத்தில். தம்மை எந்தச் சொல்லால் ஊர் அடித்ததோ அந்தப் பொருளைக் கடைக்குப் போய்க் கேட்டு வாங்கி வந்திருந்தார்.

அதைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தினார். ஓரங்களை உடலுக்கடியில் செருகினார். மண்டோர் தயங்கித் தயங்கி, "இதெல்லாம் எதுக்கும்மா, எரிக்கத்தானே போறோம்?" என்றார்.

"அவுங்களுக்குக் குளிரும்" என்றார் அந்தப் பெண்.

எத்தனை பேருக்கு என்று கேட்க எனக்கு நா எழவில்லை.